மூடுபனி வராது என்று சொன்னேன்

மழை விட்டு இரண்டு நாளாகி, வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தால் ஊரே சந்தோஷப்படும். எனக்கு மட்டும் பிடிக்காது. ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் திருப்பூரில் அப்படித்தான். சாயங்காலம் பார்த்தால் ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஓர் இலை அசையாது. டீக்கடை ரேடியோவில் வறண்ட வானிலை என்று வாசித்துவிட்டுப் பாட்டுப் போட்டுவிடுவார்கள். விடிந்து பார்த்தால் எதிரில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. இதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. தரை மழையில் ஊறிக் கிடக்கிறது, ராத்திரியும் நீளம், மேலே மேகம் இருந்தாலாவது தரைச் சூட்டைப் போகாமல் பிடித்து வைக்கும், அதுவும் இல்லை. தரை சில்லிட்டுப் போனால் அதன் மேல் நிற்கிற ஈரக்காற்று வேறு எங்கே போகும்? அங்கேயே வெள்ளையாகப் படுத்துக்கொள்ளும்.

அறுபதுகளில் நான் நொய்யல் கரையோரம் ஒரு சலவைப் பட்டறையில் வேலை செய்தேன். பனியன் கம்பெனிகளில் பின்னி வருகிற துணி பழுப்பாக இருக்கும். கோராத் துணி என்போம். அதை வெள்ளாவியில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கி, நன்றாக அலசி, வெளுப்பாக்கிக் காயப்போடுவது எங்கள் வேலை. நாற்பது பெண்கள் இருந்தோம். கை விரலெல்லாம் வெந்து தோல் உரிந்து கிடக்கும். சோற்றில் கை வைத்தால் எரியும்.

விடிகாலையில் தொட்டியிலிருந்து எடுத்துப் பாறையிலும் கயிற்றிலும் விரித்த துணிமேல் எட்டு மணிக்குள் வெயில் விழ வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் பதினொரு மணி வரைக்கும் ஈரத்தோடு கிடக்கும். அலசலில் துளி பவுடர் மிச்சம் இருந்தாலும் போச்சு, மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்துவிடும். ஒருமுறை அப்படித் திட்டு விழுந்த துணிக்கு முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டு பேசிய பேச்சு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் காது சுடும். வானம் செய்ததற்கு நானா பொறுப்பு என்று நானும் திருப்பிக் கேட்டேன். நான் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தேன். பேச்சு வாங்குவதைவிட முதல் நாளே கண்டுபிடித்துவிடலாமே?

கண்டுபிடித்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கயிற்றில் மறந்துபோய் விட்ட ஒரு கிழிசல் துணியை ஒருநாள் தற்செயலாகத் தொட்டதில் ஆரம்பித்தது. பிறகு தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு முழம் கோராத் துணியைக் கயிற்றில் கட்டிவிடுவேன். ராத்திரிச் சோறு ஆனதும், எட்டு மணி வாக்கில், போய் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். என் கை மரத்துப்போன கை, அதற்குத் தெரியாது. கன்னம் பொய் சொல்லாது. எட்டு மணிக்கே துணி நமுத்து நனைந்திருந்தால், காற்று சுத்தமாக நின்றுவிட்டது, ஈரமெல்லாம் பனித்துளியாகத் தரையில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். காலையில் புல் நனைந்திருக்கும், மூடுபனி வராது. எட்டு மணிக்கு வானம் தெளிவாக இருந்து துணி காய்ந்தே இருந்தால்தான் வம்பு. விளக்குச் சுடரைக்கூட அசைக்காத ஒரு பொட்டுக் காற்று எங்கோ நடமாடுகிறது, ஈரம் இறங்காமல் மேலேயே நிற்கிறது, விடியும்போது மொத்தமாக மூடிவிடும். அடுப்புப் புகை கொஞ்சம் மேலே போய் அங்கேயே பரந்து படுத்தால் இன்னும் மோசம். மூடுபனி விடிந்ததும் தரையை விட்டு எழுந்து தாழ்ந்த மேகமாகத் தலைக்கு மேல் நின்றுகொண்டு, உச்சிப்பொழுது வரைக்கும் வெயிலை விடாது.

பத்துக்கு எட்டு ஒன்பது சரியாக வந்தது. அப்புறம் என் பேச்சுக்குப் பட்டறையில் மரியாதைதான். மேஸ்திரி தினமும் ராத்திரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். "ஏனுங்க, நாளைக்கு ஆளுகளை ஆறு மணிக்கு வரச் சொல்லட்டுமா, ஒம்பது மணிக்கா?" நான் சொல்வதுதான். நாற்பது பெண்களின் தூக்கம் என் கன்னத்தில் இருந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இருந்ததை இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் வீட்டுக்காரர் மூட்டைச் சைக்கிள் ஓட்டினார். கம்பெனியிலிருந்து கோராத் துணியைப் பட்டறைக்கும், வெளுத்த துணியைக் கம்பெனிக்கும் ஏற்றிப்போவார். கேரியரில் ஆள் உயரத்துக்கு மூட்டை இருக்கும். பின்னால் நின்று பார்த்தால் அவர் தலையே தெரியாது. பட்டறை ஓரத்திலேயே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளை இல்லை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். நான் கத்துவேன், அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

"ஏம்புள்ள, உன்ற துணி என்ன சொல்லுது?" என்று தினமும் ராத்திரி கேட்பார். மூடுபனி என்றால் கம்பளித் துண்டை எடுத்து வைப்பார், இல்லையென்றால் வைக்க மாட்டார். "ரேடியோக்காரன் சொன்னா நம்பமாட்டனுங்க, என்ற ஊட்டுல சொன்னா நம்புவேன்" என்று டீக்கடையில் வேறு சொல்லி என் மானத்தை வாங்குவார். உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துபோகும்.

அவருக்கு ஓர் அக்கா, சேவூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கை என்போம். நங்கைக்குக் கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. கார்த்திகையில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எடுத்தார், கண்ணாடி வளையல் எடுத்தார், தட்டு வரிசைக்குப் பழம் எத்தனை என்று என்னையே நான்கு தடவை கேட்டார்.

நங்கை எங்களை அழைக்க வந்தார். வந்தவர் வீட்டுக்கு வரவில்லை. கடைவீதியில் சாமான் வாங்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம், கையில் கூடையோடு நேரே தொட்டிக்கரைக்கு வந்தார். நான் முழங்கை வரைக்கும் பவுடர் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறேன். "கண்ணு, வர்ற வெள்ளிக்கிழமை காதுகுத்து. ரெண்டு பேரும் வந்துருங்க, என்ன?" என்றார். வெற்றிலை பாக்கு இல்லை, தட்டு இல்லை, குங்குமம் இல்லை. சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இல்லாதவள் என்றுதானே இந்த இளக்காரம் என்று எனக்குப் பட்டது. அந்த அம்மா மனதில் அப்படி ஒன்றும் இருந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. "தொட்டிக்கரையில நின்னுக்கிட்டு அழைக்கறதுக்கு நான் என்ன கூலிக்கு வந்தவளா? நான் வரமாட்டேன். நீங்க வேணும்னா போங்க." அவர் எவ்வளவோ சொன்னார். ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவேன், தட்டை நங்கென்று வைப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம்தான் எனக்கே சலித்துப்போய்ப் பேச ஆரம்பித்தேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கடையில் போய்ச் சுடச்சுட வடை வாங்கி வந்தார். சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார். "முகூர்த்தம் காலைல ஏழரைக்குள்ளயாம். இன்னைக்கே போய் அக்கா ஊட்டுல படுத்துக்கட்டுமா? மழை விட்டு ரெண்டு நாளாச்சு. மூடுபனி எறங்குனா காலைல சைக்கிள் ஓட்டமுடியாது."

அவர் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் பேசியிருக்கிறோம். அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் படுக்கப் போவதா என்று எனக்குச் சுருக்கென்றது. வாய்விட்டு அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை. "எட்டு மணிக்குத் துணியப் பாத்துட்டுச் சொல்றனுங்க. மூடுபனின்னா ஒம்பது மணி கடைசி பஸ்ஸுல போங்க. இல்லைன்னா காலைல அஞ்சு மணிக்குச் சைக்கிள எடுத்தா ஆறரைக்குச் சேவூருல இருக்கலாம்" என்றேன். அவர் சரி என்றார். எதைத்தான் சரி இல்லை என்றிருக்கிறார்?

அன்றைக்குப் பட்டறையில் கோராத் துணி ஒரு முழம்கூட மிச்சமில்லை. அவசர ஆர்டர் என்று எல்லாவற்றையும் தொட்டியில் போட்டிருந்தார்கள். மூலையில் கிடந்த கழிவுக் குவியலிலிருந்து வெளுத்த துணியில் ஒரு முழம் கிழித்துக் கட்டினேன். அதே நூல், அதே பின்னல், வெள்ளையாக இருந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

எட்டு மணிக்குப் போய்க் கன்னத்தில் வைத்தேன். சில்லென்று நனைந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். தரையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம், புல்லைத் தடவிப் பார்த்திருக்கலாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் பார்த்திருப்பேன். அன்றைக்குத் துணி நான் கேட்க ஆசைப்பட்டதைச் சொல்லிவிட்டது, நானும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

"வராதுங்க. பனி நல்லா எறங்கிருச்சு. காலைல பளிச்சுன்னு இருக்கும்" என்றேன். மேஸ்திரியிடமும் ஆட்களை ஆறு மணிக்கே வரச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கம்பளித் துண்டை எடுத்து வைக்கவில்லை.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினார். பாவாடையும் வளையலும் பழமும் பட்டறைச் சாக்கு ஒன்றில் கட்டிக் கேரியரில் வைத்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். நான்கு மணிக்கே வெள்ளாவி அடுப்பு மூட்டிவிடுவார்கள் என்பதால் அந்த நேரத்தில் எங்கள் பட்டறையைச் சுற்றி எப்போதும் ஆவியாகத்தான் இருக்கும். மழைக்காலமோ வெயில்காலமோ, எங்கள் வாசலில் எந்த விடிகாலையும் வெள்ளைதான். அதற்குள்ளேயே எழுந்து அதற்குள்ளேயே பல் விளக்கிப் பழகிய எங்களுக்கு அதில் வித்தியாசம் தெரியாது.

பட்டறைக் கேட் வரைக்கும் போனவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏம்புள்ள, முன்னால ஒண்ணுமே தெரியறதில்லையே. மூடுபனியாட்ட இருக்குது. கொஞ்ச நேரம் பொறுத்து ஆறு மணி பஸ்ஸுல போகட்டுமா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஊரே என் பேச்சைக் கேட்கிறது, கட்டினவருக்குச் சந்தேகமா? "நான் சொன்னா சொன்னதுதானுங்க. அது நம்ம வெள்ளாவி ஆவி, தெனமும் பாக்கறதுதானே? ரயில்வே கேட்டைத் தாண்டுனா பளிச்சுன்னு இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்து முகூர்த்தம் தப்பிப்போச்சுன்னா, நாந்தான் உங்களைப் புடிச்சு வெச்சுக்கிட்டேன்னு உங்கக்கா ஊரெல்லாம் சொல்லும். போங்க."

"சரீங்க ஆத்தா" என்று கும்பிடுவதுபோல் கை காட்டிச் சிரித்தார். ஏறி மிதித்தார். பத்தடியில் மறைந்துவிட்டார். டைனமோ விளக்கு உரசுகிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

ஆறு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி முக்காட்டை உதறிக்கொண்டே, "ஏனக்கா, இன்னைக்கு மூடுபனி இல்லைன்னு சொல்லியுட்டீங்க? வர்ற வழியில பஸ்ஸெல்லாம் லைட்டப் போட்டுக்கிட்டு நின்னுட்டிருக்குதுங்க" என்றாள். நான் கேட்டைத் தாண்டி ஓடினேன். ரயில்வே கேட் வரைக்கும் ஓடினேன். அதற்கு அப்பாலும் அதே வெள்ளைதான். முருகா, முருகா என்று நடுரோட்டில் நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

எட்டரை மணிக்குத் திருமுருகன்பூண்டியிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து பட்டறைக் கேட்டில் இறங்கினார். அங்கே சிலைக்குக் கல் அடிக்கிறவர். சாக்கில் எழுதியிருந்த பட்டறைப் பெயரைப் பார்த்து வந்திருக்கிறார். சிலைப் பட்டறைக்குக் கல் ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டி, மூடுபனியில் வழி தெரியாமல், மாட்டை அவிழ்த்துவிட்டு ரோட்டோரம் நின்றிருந்தது. வண்டிக்காரர் புத்தியுள்ளவர், தெரியவில்லை என்றதும் நிறுத்திவிட்டார். கல் வண்டிக்குப் பின்னால் இரண்டு முழம் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிடும் என்று வேகமாக மிதித்துப் போய் நெஞ்சைக் கொண்டுபோய் அதில் மோதியிருக்கிறார்.

முதலாளி கார் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடுபனி எழுந்து மேகமாகி, பதினொரு மணிக்கு அதுவும் கலைந்து, ஜன்னல் வழியாகச் சுள்ளென்று வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். அவருக்கு அப்போது முப்பத்தோரு வயது.

நங்கை வந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. காதுகுத்துக்குக் கட்டிய புதுப்புடவையோடு வந்து விழுந்தார். ஆசாரி ஊசியோடு காத்திருக்க, தம்பி வரவில்லையே என்று எட்டு மணி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "மூடுபனி எறங்கறதுக்கு முன்னாலயே கெளம்பிட்டானா கண்ணு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு அதுவே நடந்ததாக நின்றுபோனது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். கயிற்றில் நான் கட்டிய துணி அப்படியே இருந்தது. மார்கழி மத்தியான வெயிலில் சுற்றிலும் மற்ற துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடக்க, இது மட்டும் பிசுபிசு என்றிருந்தது. நுனியை நாக்கில் வைத்தேன். கரித்தது. சரியாக அலசாத துணி. பவுடர் உப்பு உள்ளேயே இருந்து, ஈரம் எங்கே எங்கே என்று உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்குப் பனியும் இறங்கவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. அந்த உப்புக்குள்தான் பத்து வருடமாகக் கை வைத்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாமல் போனதே என்று அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். பெண்கள் புருஷனை நினைத்து அழுகிறாள் என்று தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வானத்தைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. மேஸ்திரி இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மறு வருடம் குழந்தைக்குக் காது குத்தினார்கள். இந்தத் தடவை நங்கை தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கே வந்தார். தாலி இழந்தவளை யாராவது தட்டு வைத்து அழைப்பார்களா? அந்த அம்மா அழைத்தார். சபையில் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தாய்மாமன் இடத்தில் உட்கார வைத்தார். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "என்ற தம்பி எடத்துல இவதான் உக்காருவா. ஆகாதுங்கறவங்க எந்திரிச்சுப் போலாமுங்க" என்றார். குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதது. நானும் அழுதேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

எட்டு வருடம் கழித்து நங்கைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. படுக்கையாகிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னதும் சேவூருக்குப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு நான் தொட்டிக்கரையில நின்னு அழைச்சுட்டு ஓடியாந்தேனே, அதுல உனக்குக் கோவம். தெரியும். தம்பி அந்த வாரமே ஆள்கிட்டச் சொல்லியுட்டிருந்தான். நான் முறையா உங்க ஊட்டுக்கு வந்து அழைச்சிருந்தா நீயும் வந்திருப்பே. ரெண்டு பேரும் மொத நாளே வந்து படுத்திருப்பீங்க. அவனை நாந்தான் கொன்னுட்டேன். இத்தனை வருசமா ஒரு நாள்கூட நான் நல்லாத் தூங்குனதில்லை. என்னைய மன்னிச்சுரு கண்ணு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திரும்பி வந்து கேட்டாருங்க, நாந்தான் போங்கன்னு அனுப்புனேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அந்த அம்மா ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பார். என்னைத் துப்பியிருப்பார், கையை உதறியிருப்பார். அந்தக் கையைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை.

"மன்னிச்சுட்டனுங்க நங்கை" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தது. நல்லவள், நல்லவள் என்று என் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.